அதரிசனமான தேவனைக் கண்டது யார்? ஆதித் திருச்சபையின் ஒரு நெடிய வழக்கு

யாத்திராகமத்தின் 33-ஆம் அதிகாரத்தில், ஒருவன் தன் சிநேகிதனோடு பேசுவதுபோலக் கர்த்தர் மோசேயோடு முகமுகமாய்ப் பேசினார் என்று 11-ஆம் வசனம் சொல்கிறது. ஒன்பது வசனங்கள் தாண்டி, 20-ஆம் வசனத்தில், அதே மோசேயிடம், "நீ என் முகத்தைக் காணமாட்டாய், ஒரு மனுஷனும் என்னைக் கண்டு உயிரோடிருக்கக்கூடாது" என்கிறார் அதே கர்த்தர். சமயத் தர்க்கங்களில் இந்த இரண்டு வசனங்களையும் அருகருகே வைத்து, பைபிள் தன்னையே மறுக்கிறது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. வாதம் புதியதல்ல. கிறிஸ்தவத்தின் முதல் நான்கைந்து நூற்றாண்டுகளில் இதை எதிர்கொள்ளாத பெரிய ஆசிரியர் ஒருவரும் இல்லை எனலாம்.

அந்த நூற்றாண்டுகளின் விவாதத்தைப் புரிந்துகொள்ளத் தடையாக இருப்பது, அது கண்ணின் திறனைப் பற்றியது என்ற எண்ணம்தான். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. விரைவிலேயே அது, குமாரனாகிய கிறிஸ்து பிதாவாகிய கடவுளுக்குச் சமமானவரா, தாழ்ந்தவரா என்ற கேள்வியோடு பின்னிக்கொண்டது. இரண்டாம் நூற்றாண்டில் எல்லாத் தரப்பையும் சமாளிக்க உதவிய ஒரு விடை, நான்காம் நூற்றாண்டில் எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாயிற்று.

வழக்கின் மூலம்

பைபிளில் இதுபற்றி வரும் வசனங்களை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கலாம்.

1. கண்டதாகச் சொல்பவை. ஆதியாகமம் 18-இல், மம்ரேயில் கூடாரவாசலில் உட்கார்ந்திருந்த ஆபிரகாமுக்குக் கர்த்தர் தரிசனமாகிறார்; அவன் கண்ணெடுத்துப் பார்க்கும்போது நிற்பவர்களோ மூன்று புருஷர். விடியுமட்டும் ஒருவரோடு போராடிய யாக்கோபு, "நான் தேவனை முகமுகமாய்க் கண்டேன், உயிர் தப்பிப் பிழைத்தேன்" என்கிறான். சீனாய் மலையில் இஸ்ரவேலின் மூப்பர் எழுபது பேர் தேவனைக் கண்டார்கள், பின்பு புசித்துக் குடித்தார்கள் என்கிறது யாத்திராகமம் 24. ஏசாயா, உயர்ந்த சிங்காசனத்தில் வீற்றிருந்தவரைக் கண்டான்.

2. காண முடியாது என்பவை. மேலே சொன்ன யாத்திராகம வசனத்தோடு, "தேவனை ஒருவனும் ஒருக்காலுங் கண்டதில்லை" என்ற யோவான் 1:18-உம், சேரக்கூடாத ஒளியில் வாசம்பண்ணுகிறவரைப் பற்றிய 1 தீமோத்தேயு 6:16-உம் இதில் அடங்கும்.

3. இனிமேல் காண்பார்கள் என்பவை. இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் தேவனைத் தரிசிப்பார்கள் என்ற மலைப்பிரசங்க வாக்கும், இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம் என்ற பவுலின் வாக்கும், அவர் இருக்கிற வண்ணமாகவே அவரைத் தரிசிப்போம் என்ற 1 யோவான் 3:2-உம்.

முதல் இரண்டு தொகுதிகளுக்கு இடையிலான இழுபறி யூதர்களுக்கும் தெரிந்ததே. கிறிஸ்துவுக்கு முன்பே வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், எழுபது மூப்பர்களும் தேவனையல்ல, அவர் நின்ற இடத்தையே கண்டார்கள் என்று எழுதிவைத்தார்கள். ஆனால் சிக்கலை இறுக்கியது மூன்றாவது தொகுதி. காண்பது இயல்பிலேயே இயலாத ஒன்று என்றால், மலைப்பிரசங்கத்தின் வாக்குறுதி வெறும் சொல்லாகிவிடும். இயலும் என்றால், கடவுளுக்கு உருவமும் அளவும் இருக்க வேண்டும் என்று கிரேக்கத் தத்துவம் படித்தவர்கள் உடனே மடக்குவார்கள்.

முதல் விடை: காட்சி தந்தவர் குமாரன்

160-ஆம் ஆண்டையொட்டி, பாலஸ்தீனத்தில் பிறந்த யுஸ்தீன், திரிபோ என்ற யூதருடன் நடந்த உரையாடலாக ஒரு நூலை எழுதினார். எல்லாவற்றையும் படைத்த பிதா வானங்களுக்கு மேலான தம் இடத்தை விட்டு, பூமியின் ஒரு மூலையில் வந்து தென்பட்டார் என்று அறிவுள்ள எவனும் சொல்லத் துணியமாட்டான் என்பது அதில் அவர் வைக்கும் வாதம். அப்படியானால் மம்ரேயில் வந்தவர் யார்? பிதாவிலிருந்து வேறானவரும், அவருடைய சித்தத்தை நிறைவேற்றுபவரும், வேதத்தால் தேவன் என்றும் கர்த்தர் என்றும் தூதர் என்றும் அழைக்கப்படுபவருமான குமாரனே. முட்செடியில் எரிந்ததும் யாக்கோபோடு போராடியதும் அவரே. இதன்படி முதல் தொகுதி வசனங்கள் குமாரனைப் பற்றியவை, இரண்டாம் தொகுதி வசனங்கள் பிதாவைப் பற்றியவை, முரண்பாடே இல்லை.

இந்த விடை வேகமாகப் பரவியதற்குக் காரணம், அது ஒரே வீச்சில் மூன்று எதிராளிகளைச் சந்தித்தது என்பதே. யூதர்களிடம், உங்கள் வேதத்திலேயே குமாரன் இருக்கிறார் என்று காட்ட முடிந்தது. பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசு வெளிப்படுத்திய பிதா வேறு என்று பிரித்த மார்சியோனிடமும் ஞானவாதக் குழுக்களிடமும், இரண்டு ஏற்பாடுகளிலும் காட்சி தந்தவர் ஒருவரே என்று சொல்ல முடிந்தது. 180-ஐ ஒட்டி லியோன் நகர ஆயர் இரேனியு எழுதிய பெருநூல் இந்த இரண்டாம் முனையில் நிற்கிறது. குமாரனில் காணப்படாதது பிதா, பிதாவில் காணப்படுவது குமாரன் என்பது அவருடைய புகழ்பெற்ற சூத்திரம்.

மூன்றாவது முனை, பிதாவும் குமாரனும் ஒரே ஆளின் இரு பெயர்கள் என்ற கொள்கை. நோயெத்து என்பவரின் சீடர்கள், ஒரே கடவுள் தாம் விரும்பும்போது காணப்படுகிறார், விரும்பாதபோது காணப்படாமல் இருக்கிறார் என்று எளிதாக முடித்துவிட்டார்கள். 213 அளவில் கார்த்தேஜின் தெர்த்துல்லியன் இதற்கு எழுதிய மறுப்பில், ஒருவரே காணப்படுபவரும் காணப்படாதவருமாக இருக்க முடியாதாகையால் இருவர் இருந்தாக வேண்டும் என்று வாதிட்டார். சூரியனின் முழு வடிவத்தை நம் கண் தாங்காது, பூமிக்கு வந்து சேரும் கதிரைத் தாங்கும் என்ற உவமையும் அங்கேதான் வருகிறது. கதிர் சூரியனைவிடக் குறைந்தது என்ற எண்ணம் அந்த உவமைக்குள் ஒளிந்திருக்கிறது. அன்றைக்கு அது யாருக்கும் உறுத்தவில்லை.

இரேனியுவுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் காட்சியைப் படிநிலைகளாக வகுத்தார்: தீர்க்கதரிசிகளின் காலத்தில் ஆவியானவர் வழியாக, பின்பு குமாரன் வழியாகப் புத்திர சுவிகாரமாக, முடிவில் பரலோக ராஜ்யத்தில் பிதாவாகவே. மனிதன் தன் சொந்த வல்லமையால் கடவுளைக் காண்பதில்லை. அவர் விரும்பும்போது, விரும்புகிறவர்களுக்கு, விரும்புகிற விதத்தில் காணப்படுகிறார். மனிதனின் வாழ்வே கடவுளைக் காண்பதுதான் என்ற அவர் வாக்கு, மூன்றாம் தொகுதி வசனங்களை மறக்காத ஒருவரால் மட்டுமே எழுதக்கூடியது.

மம்ரேயின் மரத்தடி

இந்த விடை ஏட்டோடு நின்றுவிடவில்லை. எபிரோனுக்கு அருகே மம்ரேயின் மரத்தடியில் ஆண்டுதோறும் ஒரு பெருஞ்சந்தை கூடியது. ஆபிரகாமைத் தங்கள் தகப்பன் என்று யூதர்களும், தூதர்கள் வந்த இடம் என்று பிற சமயத்தவரும், கிறிஸ்து முன்னமே தோன்றிய தலம் என்று கிறிஸ்தவர்களும் அங்கே வந்ததாக ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோசோமென் எழுதுகிறார். ஒரே மரம், மூன்று விளக்கம்.

பேரரசர் கான்ஸ்டன்டைனின் மாமியார் எவுத்ரோப்பியா அங்கு நடந்த பலிகளைப் பற்றி அவருக்குத் தெரிவிக்க, சிலைகளை எரித்துவிட்டு ஆலயம் கட்டும்படி அவர் பாலஸ்தீன ஆயர்களுக்கு மடல் எழுதினார். இரட்சகர் இரண்டு தூதரோடு முதன்முதல் ஆபிரகாமுக்குக் காட்சி தந்தது அங்கேதான் என்று அந்த அரசாணையே காரணம் சொல்கிறது. யுஸ்தீனின் வாதம் இப்போது அரசின் வாசகம். மூவரில் நடுவில் இருப்பவர் மேலான மதிப்போடு வரையப்பட்ட ஓர் ஓவியம் அவ்விடத்தில் இருந்ததைச் செசரியா ஆயர் எவுசேபியுவும் குறிப்பிடுகிறார்.

பிற்காலத்தில் இந்தப் பார்வை மாறியதையும் ஓவியங்களிலேயே பார்க்கலாம். ரோமின் சாந்த மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் 430-களைச் சேர்ந்த மொசைக்கில், ஆபிரகாமை நோக்கி வரும் மூவரில் நடுவரை மட்டும் ஒளிவட்டம் முழு உடலோடு சூழ்ந்திருக்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து, ராவென்னாவின் சான் வித்தாலே ஆலயத்தில், மேசையருகே அமர்ந்திருக்கும் மூவரும் ஒரே சாயல், ஒரே உடை. இடையில் நடந்த சண்டையை அறியாதவருக்கு இந்த வேறுபாடு கலைஞரின் விருப்பமாகவே தோன்றும்.

ஓரிஜன்: காண்பது வேறு, அறிவது வேறு

சண்டைக்குச் செல்லுமுன் அலெக்சாந்திரியாவைத் தொட்டுச் செல்ல வேண்டும். மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓரிஜன், கேள்வியின் அடித்தளத்தையே மாற்றினார். பார்ப்பதும் பார்க்கப்படுவதும் உடல்களுக்குரியவை. கடவுளுக்கு உடல் இல்லை. ஆகவே அவரைக் காண முடியாது என்பது கண்ணின் பலவீனத்தால் அன்று, அவருடைய இயல்பினால். இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் காண்பார்கள் என்றால், மனத்தால் அறிவார்கள் என்று பொருள். இதே தர்க்கத்தில், குமாரனும் பிதாவைக் "காண்பதில்லை", அறிகிறார் என்றார். சொல்லை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்தது அவருடைய தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. குமாரனைத் தாழ்த்தினார் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் மறைந்து நூறாண்டு கழித்தும் இந்த வரி எடுத்துக்காட்டப்பட்டது.

விடை வினையானது

நான்காம் நூற்றாண்டில், குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனை எழுந்தபோது, பழைய விடையின் விலை தெரியவந்தது. ஆரியு நேராகவே, குமாரனுக்கும் பிதா அதரிசனமானவர் என்றார். அவருக்குப் பின்வந்தோர் பலர் அவ்வளவு தூரம் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. அவர்களுடைய வாதம் இப்படி அமைந்தது:

1. பிதா இயல்பிலேயே காணப்படாதவர். இதை நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள்.
2. ஆபிரகாமும் யாக்கோபும் மோசேயும் கண்டது குமாரனை. இது உங்கள் ஆசிரியர்களே சொல்லித்தந்தது.
3. குமாரன் மாம்சமாவதற்கு முன்பே காணப்பட்டிருந்தால், காணப்படும் தன்மை அவர் மரியாளிடம் பெற்ற உடலால் வந்ததன்று. அவருடைய இயல்பிலேயே இருப்பது.
4. காணப்படாத இயல்பும் காணப்படும் இயல்பும் ஒன்றாக முடியாது. எனவே குமாரன் பிதாவோடு ஒரே இயல்புடையவர் அல்லர்.

325-இல் நிசேயா சங்கம் குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கையிட்டிருந்தது. மேற்கண்ட நான்கு படிகளில் எதையாவது மறுக்காமல் அந்த அறிக்கையைக் காப்பாற்ற வழியில்லை. மறுக்கக்கூடியது இரண்டாவதோ மூன்றாவதோதான். இரண்டாவதை மறுப்பது யுஸ்தீன், இரேனியு, தெர்த்துல்லியன் எல்லோரையும் மறுப்பதாகும். போதாததற்கு, 351-இல் சிர்மியத்தில் கூடிய ஆயர்கள், குமாரன் மரியாளுக்கு முன் இருக்கவில்லை என்று போதித்த ஃபோட்டினுவை எதிர்க்கும் வேகத்தில், ஆபிரகாம் கண்டது குமாரனையல்ல என்பவன் சபிக்கப்பட்டவன் என்று எழுதிவிட்டிருந்தார்கள்.

கிழக்கின் மறுமொழி: சாரமும் செயலும்

எதிரணியில் இன்னொரு கிளையும் இருந்தது. யுனோமியு என்பவர், பிறப்பிக்கப்படாமையே கடவுளின் சாரம், அதாவது அவருடைய உள்ளியல்பு, என்றும், அதை நாம் தெளிவாக அறிய முடியும் என்றும் வாதிட்டார். பிறப்பிக்கப்பட்ட குமாரன் அந்தச் சாரத்துக்கு வெளியே நிற்கிறார் என்பது அதன் முடிபு. இதற்குக் கப்பதோக்கியாவின் ஆயர் பேசில் தந்த மறுமொழி பிற்காலக் கிழக்குத் திருச்சபை முழுவதையும் வடிவமைத்தது: கடவுளை அவருடைய செயலாற்றல்களிலிருந்து அறிகிறோம், அவருடைய சாரத்தை அணுகுவதாக நாம் சொல்லிக்கொள்வதில்லை. பிதாவின் சாரம் மட்டுமல்ல, குமாரனின் சாரமும் ஆவியானவரின் சாரமும் அவ்வாறே எட்டாதவை. காணப்படாமை இனி பிதாவின் தனிச் சொத்து அன்று.

386-இல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் இதையே பிரசங்கமாக்கினார். சேராபீன்கள் சிறகுகளால் முகத்தை மூடிக்கொண்டதாக ஏசாயா எழுதுவதைச் சுட்டி, தேவதூதருக்கும் தாங்க முடியாததை நீ அளந்துவிட்டதாகப் பேசுகிறாயா என்று கேட்டார். தீர்க்கதரிசிகள் கண்டது கடவுள் தம்மைத் தாழ்த்தி, காண்பவனின் அளவுக்கு இறங்கி வந்த தோற்றத்தை.

பேசிலின் தம்பி நிஸ்ஸா கிரகோரி எழுதியதுதான் இவற்றில் ஆழமானது. கன்மலையின் வெடிப்பில் மோசேயை நிறுத்தி, "என் பின்பக்கத்தைக் காண்பாய்" என்று கடவுள் சொன்னதற்கு அவர் தரும் விளக்கம் இது: வழிகாட்டியைப் பின்தொடர்கிறவன் அவருடைய முதுகைத்தான் காண்பான், முகத்தைக் காண்பவன் எதிர்த்திசையில் வருபவன். ஆகவே முகம் மறுக்கப்பட்டது தண்டனையன்று, பின்தொடரும்படியான அழைப்பு. கடவுளைக் காண்பது என்பது காணும் ஆசை ஒருபோதும் தீராமல் இருப்பதே என்று அவர் முடிக்கிறார். மூன்றாம் தொகுதி வாக்குறுதியை அவர் கைவிடவில்லை. அதற்கு முடிவை மட்டும் எடுத்துவிட்டார்.

399: பாலைவனத்தில் ஒரு முதியவரின் அழுகை

இதுவரை சொன்னவை படித்தவர்களின் வாதங்கள். எகிப்தின் துறவிகளிடம் இதே கேள்வி ஜெபத்தின் கேள்வியாக வந்து நின்றது. ஜெபிக்கும்போது மனத்தில் கடவுளுக்கு எந்த வடிவமும் கொடுக்காதே என்று ஓரிஜனின் வழிவந்த எவாகிரியு கற்பித்திருந்தார். வேறு பலருக்கோ, மனிதனைத் தேவ சாயலாகப் படைத்தார் என்பதன் பொருள், கடவுளுக்கு மனித வடிவுண்டு என்பதே.

அலெக்சாந்திரிய ஆயர் ஆண்டுதோறும் ஈஸ்டர் தேதியை அறிவித்து மடல் அனுப்புவது வழக்கம். 399-இல் தெயோபில் அனுப்பிய மடல், கடவுளுக்கு மனித உருவம் உண்டு என்ற கருத்தைக் கண்டித்தது. ஸ்கேத்தி பாலைவனத்தில் இருந்த ஆலயங்களில் பப்னூத்தி என்ற குருவின் ஆலயம் தவிர மற்றவை அதை வாசிக்கவே மறுத்தன என்று, அப்போது அங்கிருந்த யோவான் காசியன் எழுதுகிறார். செராப்பியோன் என்ற முதிய துறவிக்குக் கப்பதோக்கியாவிலிருந்து வந்த தீயாக்கோன் ஒருவர் வேத ஆதாரங்களோடு விளக்க, அவரும் ஏற்றுக்கொண்டார். எல்லோரும் நன்றி செலுத்த எழுந்து நின்றார்கள். ஜெபிக்கத் தொடங்கியபோது, பழகிய உருவம் மனத்தில் இல்லாததை உணர்ந்த முதியவர் தரையில் விழுந்து, என் கடவுளை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்களே, இனி நான் யாரைப் பற்றிக்கொள்வேன், யாரை வணங்குவேன் என்று கதறினார்.

காசியன் இதை எளியோரின் அறியாமையாகக் காட்டுகிறார். அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆப்பு என்ற எகிப்தியத் துறவியின் கோப்திய வரலாற்றில், அவர் தெயோபிலை நேரில் சந்தித்து, நோயாளியும் ஊனமுற்றவனும் எப்படித் தேவ சாயலாவான் என்ற ஆயரின் கேள்விக்கு, நற்கருணை அப்பத்தைக் கண்ணுக்கு அப்பமாகத் தெரிந்தும் கிறிஸ்துவின் உடல் என்று நாம் நம்பவில்லையா என்று பதிலளிக்கிறார். மனிதனிடம் உள்ள சாயலை இழந்துவிடக்கூடாது என்பதே இந்தத் தரப்பின் அக்கறை. அதைக் கடவுளுக்கு அவயவங்கள் கற்பிக்கும் பேதைமை என்று மட்டும் எண்ணிவிடுவது நியாயமன்று.

அரசியல் முடிவு அவ்வளவு உயர்வாக இல்லை. ஆத்திரத்தோடு அலெக்சாந்திரியாவுக்குத் திரண்டு வந்த துறவிகளிடம் தெயோபில், "உங்களைக் காண்கையில் கடவுளின் முகத்தையே காண்கிறேன்" என்று சொல்லித் தப்பினாராம். கட்சி மாறி, 400-இல் ஓரிஜன் வழியினரையே பாலைவனத்திலிருந்து விரட்டினார். அவர்கள் கான்ஸ்டான்டிநோபிளில் அப்போது ஆயராயிருந்த கிறிசோஸ்தோமிடம் அடைக்கலம் தேட, அதையே காரணமாக்கி 403-இல் தெயோபில் தலைமையில் கூடிய சங்கம் கிறிசோஸ்தோமைப் பதவிநீக்கியது. அவர் 407-இல் நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்தார்.

அகுஸ்தீன்: இரண்டாம் படியை உடைத்தவர்

ஆரியு தரப்பின் வாதத்தில் இரண்டாம் படியை நேருக்குநேர் மறுத்தவர், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன். பிதா, குமாரன், ஆவியானவர் மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தைப் பற்றிய நூலில் அவர் பழைய ஏற்பாட்டுக் காட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கிறார். மம்ரேயில் வந்தவர் குமாரன் என்றால், மூவர் எதற்கு? ஒருவர் கர்த்தர், இருவர் தூதர் என்றால், சோதோமில் அந்த இருவரையும் லோத்து "ஆண்டவரே" என்று ஒருமையில் அழைத்துப் பேசுவது ஏன்? மூவரில் ஒருவர் மற்றவரைவிட உயர்ந்தவராக வேதம் காட்டவே இல்லையே. திரித்துவம் முழுவதும் தன் இயல்பில் காணப்படாதது என்றும், கண்ணுக்குத் தென்பட்டவை அந்தந்த வேளைக்காகத் தூதர்களின் ஊழியத்தால் உண்டான படைப்புகள் என்றும் முடித்தார். ராவென்னாவின் ஒரே சாயலுள்ள மூவர் இந்த முடிபுக்கு நெருங்கியவர்கள். வாதம் அவருக்கு ஏட்டளவானதும் அல்ல. 427 அளவில் ஹிப்போவிலேயே மாக்சிமின் என்ற, ஆரியுவின் வழிவந்த ஆயர், பிதா ஒருவரே அதரிசனமானவர் என்ற வாதத்தை அவர் எதிரில் நின்று வைத்தார்.

413-இல் பவுலீனா என்ற பெண்மணி, கடவுளை உடலின் கண்ணால் காண முடியுமா என்று கேட்டிருந்ததற்கு அவர் நூலளவு நீண்ட மடல் ஒன்றை எழுதினார். கடவுள் இடத்தில் அடங்குபவர் அல்லர், ஆகவே கண்ணுக்கு எட்டார். தூய்மையான இருதயம் காணும் என்பதே விடை. ஆனாலும் அவர் அதோடு விடவில்லை. 426 அளவில் முடித்த 'கடவுளின் நகரம்' என்ற தம் பெருநூலின் இறுதிப் பகுதியில், உயிர்த்தெழுந்த உடலின் கண்கள் சும்மா இருக்குமா என்று கேட்டு, எதிரே நிற்பவனின் உடல் அசைவிலேயே அவன் உயிரை நாம் காண்பதுபோல, புதிய வானத்திலும் புதிய பூமியிலும் கடவுளைக் காணக்கூடும் என்ற சாத்தியத்தை மிகுந்த தயக்கத்தோடு முன்வைத்தார்.

பிரிந்துபோன இரண்டு பாதைகள்

இந்த விவாதத்தின் விளைவுகளில் ஒன்று நன்கு அறிந்தது. எட்டாம் நூற்றாண்டில் திருவுருவங்களை அழிக்கப் பேரரசு முனைந்தபோது, உடலற்ற கடவுளை நான் வரையவில்லை, மாம்சத்தில் காணப்பட்டவரை வரைகிறேன் என்று தமஸ்கு யோவான் வாதிட்டார். 787-இல் இரண்டாம் நிசேயா சங்கம் திருவுருவ வணக்கத்தை ஏற்றது. இங்கே காணப்படும் தன்மை குமாரன் ஏற்ற உடலோடு கட்டப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொன்று, கிழக்கும் மேற்கும் வாக்குறுதியை வெவ்வேறாகப் படித்தது. 1331 முதல், இறந்த பரிசுத்தவான்கள் இறுதித் தீர்ப்புக்கு முன் கடவுளை முகமுகமாய்க் காண்பதில்லை என்று போப் இருபத்திரண்டாம் யோவான் பிரசங்கித்துப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். 1334-இல் மரணப்படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றார். 1336-இல் அவருக்கு அடுத்த போப் பன்னிரண்டாம் பெனதிக்து, அந்த ஆன்மாக்கள் கடவுளின் சாரத்தையே நேரடியாகக் காண்கின்றன என்று வரையறுத்தார். அதன்பின் பதினைந்தே ஆண்டுகளில், 1351-இல், கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் கிரேக்க இறையியலாளர் கிரகோரி பலாமாவின் பக்கம் தீர்ப்பளித்தது: இயேசு மறுரூபமான தாபோர் மலையில் சீடர் கண்டது படைக்கப்படாத ஒளி, அது கடவுளின் செயலாற்றல், சாரமோ என்றென்றும் எட்டாதது. பேசிலின் வரி அங்கே கோட்பாடாயிற்று.

1439-இல் ஃபுளோரன்ஸ் நகரில் இரு தரப்பும் ஒன்றுபட முயன்று கையெழுத்திட்ட ஆணையில், ஆன்மாக்கள் திரியேக தேவனை அவர் இருக்கிற வண்ணமாகவே தெளிவாகக் காண்கின்றன என்ற வாசகம் 1 யோவானிலிருந்து எடுத்து வைக்கப்பட்டது. சாரம் என்ற சொல்லை அந்த வாசகத்தில் சேர்க்கவில்லை. எபேசு ஆயர் மாற்கு கையெழுத்திட மறுத்துவிட்டார். திரும்பிச் சென்ற கிரேக்க ஆயர்களுக்கும் ஊரில் வரவேற்பு இல்லை. அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை.